ஆண்ட்ராய்டு போனில் எஸ்எம்எஸ்: செட்டிங்ஸை முதலிலிருந்து சரியான வரிசையில் அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

புதுப் போன் வாங்கியவர்களுக்கும், பிள்ளைகளின் பழைய போன் கைமாறி வந்த பெரியவர்களுக்கும் மெசேஜ் பகுதியை அமைத்துக் கொடுத்து வருகிறேன். பெரும்பாலும் வரும் புகார் ஒன்றுதான்: "ஓடிபி வரமாட்டேங்குது." உடனே எல்லாரும் ஆப்பைத் திறந்து ஏதாவது ஒரு பட்டனை அமுக்கிப் பார்க்கிறார்கள். கோளாறு ஆப்புக்கு இரண்டு படி முன்னால், சிம்மிலோ ரீசார்ஜிலோ இருக்கும். அதனால்தான் வரிசை முக்கியம். முதலில் சிம், அப்புறம் ஆப், அதன் பிறகு மற்றவை.

இங்கே சொல்வது இந்தியாவில் ஆண்ட்ராய்டு போனில் வரும் கூகுள் மெசேஜஸ் ஆப்புக்கு. போன் கம்பெனியைப் பொறுத்து மெனுவின் பெயர்கள் கொஞ்சம் மாறும். தேடிக் கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் கட்டத்தில் பெயரைத் தட்டச்சு செய்யுங்கள், வந்துவிடும்.

1. தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை

வங்கிக் கணக்கிலும் ஆதாரிலும் எந்த எண் பதிவாகியிருக்கிறது? அந்த எண்ணின் சிம் இப்போது எந்தப் போனில், எந்த இடத்தில் இருக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் மேலே போகாதீர்கள். "என் நம்பர்தான்" என்று அடித்துச் சொன்னவரின் பாஸ்புக்கில், என்றோ விட்டுவிட்ட பழைய எண் இருப்பது சாதாரணம்.

பழைய எண் மேசை டிராயரில் தூங்கும் சிம்மில் இருந்தால் இன்னும் கவனம் தேவை. தொடர்ந்து 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத எண்ணை நிறுவனம் முடக்கலாம். பிறகு அதே எண் வேறொருவருக்குப் போகும். உங்கள் ஓடிபியும் அவருக்கே போகும். அப்படியானால் செட்டிங்ஸைத் தொடுவதற்கு முன் வங்கிக்குப் போய் எண்ணை மாற்றுவதுதான் முதல் வேலை.

சோதித்துப் பார்க்கப் பக்கத்தில் இன்னொரு போன் இருக்கட்டும்.

2. சிம்மும் ரீசார்ஜும்

பேலன்ஸைப் பாருங்கள். வேலிடிட்டி முடிந்த சிம்மில் சில நாளுக்கு மெசேஜ் வந்துகொண்டிருக்கும், ஆனால் வெளியே போகாது. டேட்டாவுக்கு மட்டும் போட்ட ஆட்-ஆன் பேக்கில் எஸ்எம்எஸ் இருக்காது. இணையம் ஓடுகிறதே என்று நம்பி இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

அண்மையில் சிம் தொலைந்து புதிது வாங்கினீர்களா, அல்லது 4ஜி சிம்மை 5ஜிக்கு மாற்றினீர்களா? மாற்று சிம் வேலை செய்யத் தொடங்கியதும் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வருவதும் போவதும் நிறுத்தி வைக்கப்படும். உங்களுக்குத் தெரியாமல் ஒருவன் உங்கள் எண்ணில் சிம் வாங்கி ஓடிபியைப் பறிக்காமல் இருக்க வைத்த தடை இது. அந்த ஒரு நாளில் போனை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. காத்திருங்கள்.

போனில் இடமும் வேண்டும். வீடியோவும் காலை வணக்கப் படங்களும் நிரம்பி வழியும் போன் புது மெசேஜை வாங்காது. பட்டன் போனில் இது இன்னும் அதிகம். இன்பாக்ஸ் நிறைந்துவிட்டால் உறைப் படம் மினுக்கிக்கொண்டே இருக்கும். பழையதை அழித்ததும் தேங்கியவை ஒவ்வொன்றாக வந்து விழும்.

3. எந்த ஆப் மெசேஜை வாங்குகிறது என்று முடிவு செய்யுங்கள்

செட்டிங்ஸ், ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ், அதற்குள் எஸ்எம்எஸ் ஆப். அங்கே எதன் பெயர் இருக்கிறதோ அதுதான் மெசேஜை வாங்கி வைக்கும். யார் அழைக்கிறார்கள் என்று காட்டும் ஆப்களை நிறுவும்போது "டீஃபால்ட் ஆக்கவா?" என்று கேட்கும். படிக்காமல் சரி கொடுத்திருப்பார்கள். அப்புறம் பழைய மெசேஜ் ஆப்பையே திறந்து பார்த்துக்கொண்டு "ஒன்றும் வரவில்லை" என்பார்கள்.

ஒரு போனுக்கு ஒரு மெசேஜ் ஆப் போதும். கூகுள் மெசேஜஸைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றதை நீக்கிவிடுங்கள்.

4. எந்த சிம்மிலிருந்து போகிறது

இரண்டு சிம் போட்டவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. செட்டிங்ஸில் சிம் பகுதிக்குள் அழைப்புக்கு, எஸ்எம்எஸ்ஸுக்கு, டேட்டாவுக்கு எந்த சிம் என்று தனித்தனியாகத் தேர்வு செய்யலாம். எஸ்எம்எஸ்ஸுக்கு வங்கியில் பதிவான சிம்மையே வையுங்கள். "ஒவ்வொரு முறையும் கேள்" என்ற தேர்வு பாதுகாப்பானதுபோல் தோன்றும். பழக்கமில்லாதவர்களுக்கு அது ஒரு கூடுதல் குழப்பம், அவ்வளவுதான்.

காரணம் யுபிஐ. ஜிபே, போன்பே போன்ற ஆப்பில் கணக்கை இணைக்கும்போது ஓடிபி உங்களுக்கு வருவதற்கு முன், உங்கள் போனிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் வெளியே போகிறது. புரியாத எழுத்துகளும் எண்களும் கலந்த மெசேஜ் அது. அந்த எஸ்எம்எஸ் வந்த எண்ணையும் வங்கியில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுத்தான் இந்தப் போன் உங்களுடையது என்று உறுதி செய்கிறார்கள். வேறு சிம்மிலிருந்து போனாலோ, எஸ்எம்எஸ் இல்லாத பேக்காக இருந்தாலோ "சரிபார்க்க முடியவில்லை" என்று வரும். ஆப்பை நீக்கித் திரும்ப நிறுவுவதால் இது தீராது.

இதே இடத்தில் ஒரு எச்சரிக்கை. "இந்த மெசேஜை இந்த நம்பருக்கு அனுப்புங்க சார்" என்று எவராவது போனில் சொல்லி, இப்படி ஒரு புரியாத மெசேஜை அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். அது அவர் போனில் உங்கள் யுபிஐயை இணைக்கும் வழி.

5. போய் வருகிறதா என்று சோதியுங்கள்

இன்னொரு போனுக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்புங்கள், அங்கிருந்து ஒன்று வாங்குங்கள். இரண்டும் நடந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

வருகிறது, ஆனால் போகவில்லை என்றால் முதலில் ரீசார்ஜ், அடுத்து மெசேஜ் சென்டர் எண். நீங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ் நேராக எதிராளிக்குப் போவதில்லை. நிறுவனத்தின் ஒரு மையத்துக்குப் போய், அங்கிருந்து அவருக்குப் போகிறது. எதிராளியின் போன் அணைந்திருந்தால் மையம் வைத்திருந்து பிறகு தரும். அந்த மையத்தின் எண் சிம்மில் எழுதப்பட்டிருக்கும். அது அழிந்தாலோ மாறினாலோ எதுவும் வெளியே போகாது.

பல ஆண்ட்ராய்டு போன்களில் *#*#4636#*#* என்று டயல் செய்தால் வரும் பக்கத்தில் அதைப் பார்க்கலாம். பட்டன் போனில் மெசேஜ் செட்டிங்ஸிலேயே இருக்கும். இணையத்தில் யாரோ போட்ட எண்ணை அங்கே எழுதாதீர்கள். ஒரே நிறுவனத்துக்கே வட்டத்துக்கு வட்டம் (தமிழ்நாடு, கேரளா போன்ற சேவைப் பகுதி) எண் வேறு. 198-ஐ அழைத்துக் கேட்டு வாங்குங்கள்.

ஆப்பின் செட்டிங்ஸில், அட்வான்ஸ்ட் பகுதியில் டெலிவரி ரிப்போர்ட் என்று ஒன்று உண்டு. அதை ஆன் செய்துவிடுவது நல்லது. "அனுப்பப்பட்டது" என்றால் மையம் வாங்கிக்கொண்டது என்றுதான் பொருள். எதிராளியின் போனைத் தொட்டதா என்பதை ரிப்போர்ட்தான் சொல்லும்.

6. அறிவிப்பும் பூட்டுத் திரையும்

மெசேஜ் வந்திருக்கிறது, ஆனால் சத்தமே வரவில்லை என்பது தனிப் பிரச்சினை. மெசேஜஸ் ஐகானை அழுத்திப் பிடித்து ஆப் இன்ஃபோவுக்குள் போய் நோட்டிஃபிகேஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி பகுதியில் கட்டுப்பாடு இருந்தால் எடுத்துவிடுங்கள். சில போன்களில் பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று ஆப்பையே தூங்கவைத்துவிடும்.

வங்கி மெசேஜின் சத்தத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் அணைக்காதீர்கள். உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் கணக்கிலிருந்து பணம் போனால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பில் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை சொல்கிறது. மெசேஜைப் பார்க்காதவர் எப்படித் தெரிவிப்பார்?

சத்தம் வேண்டும், ஆனால் உள்ளடக்கம் பூட்டுத் திரையில் தெரிய வேண்டாம். செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதியில் சென்சிட்டிவ் நோட்டிஃபிகேஷன்ஸ் என்பதை அணையுங்கள். மெசேஜ் வந்தது தெரியும், ஓடிபி தெரியாது. பூட்டிய போனைக் கையில் எடுத்தவனுக்கு ஓடிபி காட்டினால் அப்புறம் பூட்டு எதற்கு?

7. ஆர்சிஎஸ்: வைத்துக்கொள்வதா, வேண்டாமா

தட்டச்சு செய்யும் கட்டத்தில் "ஆர்சிஎஸ் மெசேஜ்" என்று தெரிந்தால் அந்த மெசேஜ் இணையத்தின் வழியே போகிறது. எஸ்எம்எஸ் கணக்கில் சேராது, படமும் தெளிவாகப் போகும். இரண்டு பக்கமும் ஆர்சிஎஸ் இருக்க வேண்டும், டேட்டாவும் வேண்டும்.

வாட்ஸ்அப் வைத்திருப்பவருக்கு இதனால் பெரிய லாபம் இல்லை என்பது என் எண்ணம். வயதானவர்கள் போனில் நான் அணைத்தே கொடுக்கிறேன். கடை விளம்பரங்கள் படமும் பட்டனுமாக இந்த வழியில் நிறைய வருகின்றன. பத்தாம் பகுதியில் வரும் 1909 விளம்பரத் தடைப் பதிவுக்குப் பிறகும் இவை நிற்காமல் வருவதைப் பார்த்திருக்கிறேன். அணைக்க: புரொஃபைல் படம், மெசேஜஸ் செட்டிங்ஸ், ஆர்சிஎஸ் சாட்ஸ்.

ஆன் செய்து வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். சிம்மை எடுத்துப் பட்டன் போனில் போடுவதற்கு முன் பழைய போனில் ஆர்சிஎஸ்ஸை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் மற்றவர்கள் அனுப்புவது பழைய போனைத் தேடிப் போகும்.

8. தமிழில் அனுப்பும்போது வரும் கணக்கு

சங்கச் செயலாளர், டியூஷன் டீச்சர், சீட்டு நடத்துபவர் என்று பலருக்கு ஒரே மெசேஜை அனுப்புபவர்கள் இதை நிதானமாகப் படியுங்கள். மற்றவர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம்.

ஒரு எஸ்எம்எஸ்ஸில் 140 பைட் மட்டுமே அடங்கும் (பிட் என்பது தகவலின் மிகச் சிறிய அலகு, எட்டு பிட் ஒரு பைட்). ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்து வரும். தமிழுக்கு ஒவ்வொன்றுக்கும் 16 பிட் என்பதால் 70 மட்டும். அதைத் தாண்டினால் மெசேஜ் துண்டுகளாகப் போய் எதிர்முனையில் ஒட்டப்படும். ஒட்டுவதற்கான குறிப்புக்கும் இடம் வேண்டும் என்பதால், துண்டுக்கு ஆங்கிலத்தில் 153, தமிழில் 67 என்று குறையும். திரையில் ஒரே மெசேஜாகத் தெரிந்தாலும் ஒவ்வொரு துண்டும் ஒரு எஸ்எம்எஸ்.

இந்த 70 என்பது நாம் எண்ணும் எழுத்து அல்ல. "வணக்கம்" நமக்கு ஐந்து எழுத்து. போன் கணக்கில் ஏழு, ஏனென்றால் க் ஒன்றில் கவும் புள்ளியும் தனித்தனி, ம் அதுபோலவே. "ஸ்ரீ" என்ற ஒன்று நான்கை எடுத்துக்கொள்ளும். சாதாரணமான மூன்று வரித் தமிழ் மெசேஜ் 200-ஐ எளிதாகத் தொடும். அதாவது 3 எஸ்எம்எஸ்.

பெரும்பாலான பேக்குகளில் ஒரு நாளைக்கு 100 எஸ்எம்எஸ். 30 வீட்டுக்கு 3 துண்டு மெசேஜ் அனுப்பினால் 90. ஒரு வரி கூட்டி நான்காவது துண்டு விழுந்தால் 120. கடைசியில் இருக்கும் சில வீடுகளுக்கு மட்டும் போகாமல் நிற்பதற்கும், மெயின் பேலன்ஸில் காசு பிடிப்பதற்கும் இதுதான் காரணம்.

ஆங்கிலத்திலேயே எழுதுபவர்களும் தப்ப முடியாது. இடையில் ஒரு தமிழ் எழுத்தோ, கைகூப்பும் இமோஜியோ வந்தால் முழு மெசேஜும் 70 கணக்குக்கு மாறிவிடும். பலருக்குத் தெரியாதது, ₹ குறியும் அப்படித்தான். அந்த ஏழு பிட் எழுத்துப் பட்டியலில் அதற்கு இடமில்லை. மாதச் சந்தா மெசேஜில் ₹ போடாமல் ரூபாய் என்பதை ஆங்கில எழுத்தில் எழுதினால் இரண்டு துண்டு ஒன்றாகச் சுருங்கும்.

தட்டச்சு செய்யும்போது அனுப்பும் பட்டன் பக்கத்தில் தெரியும் எண்ணிக்கையைப் பாருங்கள். இந்தத் துண்டில் இன்னும் எவ்வளவு இடம், எத்தனையாவது துண்டு என்று அது காட்டும். பலருக்கு அனுப்பும்போது அட்வான்ஸ்ட் பகுதியில் குரூப் மெசேஜிங்கை, ஒவ்வொருவருக்கும் தனித்தனி எஸ்எம்எஸ் என்று வையுங்கள். எம்எம்எஸ் (படமும் அனுப்பும் வகை மெசேஜ்) என்று விட்டால் போகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

காலை 6 மணிக்குப் போக வேண்டிய மெசேஜை இரவே எழுதி, அனுப்பும் பட்டனை அழுத்திப் பிடித்தால் நேரம் குறிக்கலாம். அந்த நேரத்தில் போன் ஆன் ஆகி, சிக்னல் இருக்க வேண்டும்.

9. பெட்டியைப் பிரித்து வையுங்கள்

மெசேஜஸ் செட்டிங்ஸில் மெசேஜ் ஆர்கனைசேஷன் என்ற பகுதியில் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, சொந்தம், பரிவர்த்தனை, ஓடிபி, சலுகை என்று பிரித்துக் காட்டுவது. இன்னொன்று, ஓடிபியை 24 மணி நேரத்துக்குப் பின் தானாக அழிப்பது. இரண்டாவதைத் தயங்காமல் ஆன் செய்யலாம். பயன்படுத்திய ஓடிபி யாருக்கும் தேவையில்லை.

பிரித்துக் காட்டுவதில் ஒரு சிக்கல். கேஸ் சிலிண்டர் டெலிவரி கோடு வேறு பிரிவுக்குள் போய் உட்கார்ந்திருக்கும், அதற்காகக் காத்திருப்பவர் முதல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பெரியவர்களுக்கு இதை அணைத்துவிட்டு, வங்கி மெசேஜை மட்டும் அழுத்திப் பிடித்து மேலே பின் செய்து கொடுங்கள்.

வரிசையில் விரலை ஓரமாக இழுத்தால் மெசேஜ் ஆர்க்கைவ் ஆகிவிடும். அழியவில்லை. புரொஃபைல் படத்தைத் தொட்டு ஆர்க்கைவ்டில் பார்த்தால் இருக்கும். "காணோம்" என்று வருபவர்களுக்கு நான் முதலில் திறந்து காட்டுவது இதைத்தான்.

10. விளம்பரத்தை நிறுத்துவதும் அனுப்பியவரை அடையாளம் காண்பதும்

1909 எண்ணுக்கு, ஆங்கிலத்தில் ஸ்டார்ட் என்று எழுதி ஓர் இடைவெளி விட்டு 0 போட்டு அனுப்புங்கள். எல்லா வகை விளம்பரத்துக்கும் தடை. இரண்டு சிம் இருந்தால் இரண்டிலிருந்தும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். போனில் உள்ள டூ நாட் டிஸ்டர்ப் வேறு. அது சத்தத்தை மட்டும் அடக்கும்.

வங்கி மெசேஜ், ஓடிபி, அரசு அறிவிப்பு எதையும் இந்தப் பதிவு தடுக்காது. அதனால் பயப்பட வேண்டாம். பதிவு நடைமுறைக்கு வந்த பிறகும் விளம்பரம் வந்தால், அந்த மெசேஜ், அனுப்பிய பெயர், தேதி மூன்றையும் 1909-க்கு அனுப்பிப் புகார் செய்யலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் டிஎன்டி ஆப்பில் செய்வது இன்னும் எளிது.

நிறுவனங்கள் அனுப்பும் மெசேஜில் எண்ணுக்குப் பதில் எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து தொலைபேசி நிறுவனம், இரண்டாவது வட்டம், அடுத்து அனுப்பியவரின் சுருக்கப் பெயர். கடைசியில் ஒரு கோடு போட்டு ஓர் ஆங்கில எழுத்து. பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. இந்தக் கடைசி எழுத்தை 2025-இல் ட்ராய் விதியாக்கியது.

"இன்றிரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழைக்கவும்" என்ற மெசேஜ் பத்து இலக்க எண்ணிலிருந்து வந்தால் அது மோசடி. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஆராய வேண்டியதே இல்லை, மேலே அனுப்பியவர் இடத்தைப் பார்த்தால் போதும். அதை அழுத்திப் பிடித்து பிளாக் செய்து ஸ்பேம் என்று ரிப்போர்ட் செய்யுங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தின் சக்ஷு பகுதியிலும் தெரிவிக்கலாம். பணம் போய்விட்டதென்றால் நேரத்தைக் கடத்தாமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

எரிச்சலில் வங்கியின் கடன் விளம்பரத்தைப் பிளாக் செய்வது பெரிய தவறு. கையோடு ஓடிபி வரும் பெயரும் சிக்கிவிடலாம். கடைசி எழுத்து பி என்று இருந்தால் மட்டும் பிளாக் செய்யுங்கள். ஓடிபி வராதபோது ஸ்பேம் அண்ட் பிளாக்டு பெட்டியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

11. யார் உங்கள் மெசேஜைப் படிக்கிறார்கள்

செட்டிங்ஸ், பிரைவசி, பெர்மிஷன் மேனேஜர், எஸ்எம்எஸ். அங்கே வரும் பட்டியலை ஒவ்வொன்றாகப் பாருங்கள். யுபிஐ ஆப்புக்கும் வங்கி ஆப்புக்கும் அனுமதி தேவை. டார்ச், வால்பேப்பர், கடன் ஆப் எதற்கும் தேவையில்லை, எடுத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வரும் ஏபிகே கோப்பை (பிளே ஸ்டோருக்கு வெளியே ஆப்பை நிறுவும் கோப்பு) நிறுவியவர்கள் போனில் இந்தப் பட்டியலில் பெயர் தெரியாத ஒன்று உட்கார்ந்திருக்கும். வரும் ஓடிபியை எல்லாம் அது வெளியே கடத்தும். அப்படி ஒன்றைக் கண்டால் முதலில் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்து, ஆப்பை நீக்கி, வேறு போனிலிருந்து வங்கியை அழையுங்கள்.

12. பேக்கப், பிறகு போன் மாற்றம்

செட்டிங்ஸ், கூகுள், பேக்கப் பகுதியில் எஸ்எம்எஸ் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து "பேக்கப் நவ்" கொடுங்கள். புதுப் போனை முதன்முதலில் இயக்கும்போது அதே கூகுள் கணக்கைக் கொடுத்தால்தான் மெசேஜ்கள் திரும்ப வரும். "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று அந்தப் படியைத் தாண்டியவர்கள் பல போன்களில் ரீசெட் செய்துதான் திரும்ப அந்த இடத்துக்கு வர முடியும்.

மாற்றும் வரிசை இது: பழைய போனில் பேக்கப், ஆர்சிஎஸ் அணைப்பு, சிம்மை எடுத்துப் புதுப் போனில் போடுவது, கணக்கைக் கொடுத்துத் திரும்பப் பெறுவது, மேலே 3 முதல் 6 வரை உள்ள படிகள், கடைசியாக யுபிஐ. பழைய போனை ஒரு வாரமாவது அழிக்காமல் வைத்திருங்கள். விற்பதென்றால் ஃபேக்டரி ரீசெட் செய்த பிறகே கையை விட்டுக் கொடுங்கள்.